எட்டுத் தடைகளும் ஒரு நிழற்படமும்



நமது பாடசாலைகளில் ஆண்டுதோறும் நடைபெறும் இல்ல விளையாட்டுப் போட்டிகளை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். நூறு மீற்றர் ஓட்டம் முடிவடையும் வேளையில் முடிவுக் கோட்டருகே ஆசிரியர்கள் நாலைந்து பேர் நடுவர்களாக நிற்பார்கள். முதலாவதாக வந்த பிள்ளை யார் என்பதில் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. இரண்டாவது யார் என்பதும் ஒருவாறு தெரிந்துவிடும். மூன்றாவது யார், நான்காவது யார் என்பதிலேதான் வழக்கு ஏற்படும். ஒருவர் சிவப்பு இல்லம் என்பார். மற்றவர் நீல இல்லம் என்பார். இறுதியில் தலைமை நடுவர் ஒரு தீர்ப்பைச் சொல்வார். ஒரு பிள்ளை பரிசு பெறும். மற்றப் பிள்ளை வாடிய முகத்தோடு வீடு திரும்பும். அடுத்த நாள் அதனை எல்லாரும் மறந்துவிடுவர், அந்தப் பிள்ளையைத் தவிர.

இத்தகைய வழக்கொன்று பாடசாலை மைதானத்தில் அன்றி, ஒலிம்பிக் அரங்கிலேயே நிகழ்ந்தது. 1948 ஆம் ஆண்டு தவறிப்போன தீர்ப்பொன்று இருபத்தேழு ஆண்டுகளின் பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. அத்தீர்ப்பினால் ஒரு பதக்கத்தை இழந்தவர் ஷேர்லி ஸ்ட்ரிக்லண்ட் என்னும் அவுஸ்திரேலிய வீராங்கனையாவார். ஒன்றை இழந்தும் ஏழு ஒலிம்பிக் பதக்கங்களைப் பெற்றவர் அவர். பெண்களுக்கான தடைதாண்டி ஓட்டத்தில் தொடர்ந்து இரு ஒலிம்பிக் விழாக்களில் முதலிடம் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. அவருடைய விளையாட்டு வாழ்க்கையையும், அவர் கைதேர்ந்து விளங்கிய அந்த ஓட்டத்தின் இயல்பையும் இன்று சற்று விரிவாக நோக்குவோம்.

முதலில் ஓட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். பெண்களுக்கான தடைதாண்டி ஓட்டம் 1932 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவிலேயே முதன்முதலாக இடம்பெற்றது. அக்காலத்தில் அதன் தூரம் 80 மீற்றர். அத்தூரத்தில் எட்டுத் தடைகள் நிறுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 76.2 சதமமீற்றர் உயரமானது. அதாவது இரண்டரை அடி. புறப்படும் கோட்டிலிருந்து முதலாவது தடைக்கு 12 மீற்றர். தடைக்கும் தடைக்கும் இடையே 8 மீற்றர். கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு மீண்டும் 12 மீற்றர்.

இந்த எட்டு மீற்றர் இடைவெளியிலேதான் ஓட்டத்தின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. ஓடுபவர் தடைக்கு ஏறத்தாழ இரண்டு மீற்றர் முன்பாகவே நிலத்தை விட்டு எழும்ப வேண்டும். தடைக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு மீற்றரில் அவருடைய பாதம் மீண்டும் நிலத்தைத் தொடும். எஞ்சிய ஐந்து மீற்றரை மூன்றே எட்டுக்களில் கடக்க வேண்டும். மூன்று எட்டு வைத்தால் ஒவ்வொரு தடையிலும் அதே கால் முன்னே செல்லும். நான்கு வைத்தாலோ கால் மாறிவிடும், வேகமும் குன்றிவிடும். ஆகவே ஒரே அளவான எட்டுக்கள், ஒரே தாளம், ஒரே கால். இவை பிழைத்தால் ஓட்டம் பிழைத்துவிடும்.

தடைதாண்டி ஓடுதல் என்றதும் உயரப் பாய்வதே திறமை என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. பாதம் நிலத்தில் ஊன்றியிருக்கும்போதுதான் ஓடுபவர் நிலத்தை உதைத்து வேகம் பெற முடியும். ஆகாயத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவருக்கு நட்டமான நேரமே. ஆகவே தேர்ந்த வீராங்கனை தடையின் மேலாகப் பாய்வதில்லை. அதனை உராயாது ஓடிக் கடக்கின்றார். முன்செல்லும் காலை நீட்டி உயர்த்துகின்றார். அதற்கு எதிரான கையை முன்னே செலுத்தி, உடலை முன்புறம் சாய்க்கின்றார். பின்னே வரும் காலின் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் விரித்துத் தடைக்கு மேலாக இழுத்து வருகின்றார். உடலின் புவியீர்ப்பு மையம் இயன்றவரை தாழ்வாகவே செல்ல வேண்டும் என்பதே இவை யாவற்றினதும் நோக்கம். தடையில் கால் பட்டு அது விழுந்தாலும் குற்றமில்லை. வேண்டுமென்று தள்ளினாலே குற்றம். ஆயினும் தடையில் மோதியவர் தாளத்தை இழந்துவிடுவார். எண்பது மீற்றரில் இழந்த தாளத்தை மீட்பதற்கு நேரம் எங்கே?

இந்த நுண்கலையில் வல்லவராக விளங்கிய ஷேர்லி ஸ்ட்ரிக்லண்ட் 1925 ஆம் ஆண்டு யூலை மாதம் 18 ஆந் திகதி மேற்கு அவுஸ்திரேலியாவிற் பிறந்தார். பித்தாரா என்னும் சிற்றூருக்கு அண்மையில், கோதுமை விளையும் பரந்த சமவெளியில், ஒரு பண்ணையிலே சகோதரர்களோடு வளர்ந்தார். ஓட்டம் அவருக்குத் தந்தை வழிச் சொத்து. தந்தையார் டேவ் ஸ்ட்ரிக்லண்ட் 1900 ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத்தின் ஸ்டோவெல் ஊரில் நடைபெறும் புகழ்பெற்ற ஓட்டப் போட்டியில் முதற் பரிசு பெற்றவர். அப்போட்டியின் பரிசு பணமாகும். பணத்துக்கு ஓடியவர் ஒலிம்பிக் அரங்கில் அடியெடுத்து வைக்கக்கூடாது என்பது அக்கால விதி. ஆகவே விரைந்து ஓடும் கால்கள் இருந்தும் அந்தக் கதவு அவருக்கு மூடியே இருந்தது. தந்தைக்கு மூடிய கதவை மகள் திறக்க வேண்டியதாயிற்று.

ஷேர்லி நோர்தாம் நகரில் உயர்கல்வி கற்றார். பின்னர் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து பௌதிகவியலிற் சிறப்புப் பட்டம் பெற்றார். அந்நாட்களிற் பௌதிகவியல் வகுப்புக்களிற் பெண்களைக் காண்பது அரிது. பட்டம் பெற்றபின் பேர்த் நகரத் தொழினுட்பக் கல்லூரியில் விரிவுரையாளராகக் கடமையாற்றினார். நிலத்தை விட்டு எழுந்த பொருள் எப்பாதையிற் செல்லும் என்பதைப் பகலில் மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியை, மாலையில் அப்பாதையிலே தாமே சென்று பயின்றார் என்று சொல்லலாம். முன்னாள் ஓட்ட வீரரான ஒஸ்ரின் ரொபேட்சன் அவருக்குப் பயிற்சியளித்தார். பயிற்சி தொடங்கிய சிறிது காலத்திலேயே, 1948 ஆம் ஆண்டு, அவுஸ்திரேலியக் குழுவில் இடம் பெற்று லண்டன் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று.

உலகப்போரின் காரணமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் தடைப்பட்டிருந்த ஒலிம்பிக் விழா அவ்வாண்டு வெம்பிளி மைதானத்தில் மீண்டும் ஆரம்பமாயிற்று. அவ்விழாவின் நாயகி, ஒல்லாந்து நாட்டைச் சேர்ந்த ஃபனி பிளாங்கர்ஸ் கூன். முப்பது வயதினர், இரு குழந்தைகளின் தாய். வயது கடந்துவிட்டது, வீட்டில் இருந்து பிள்ளைகளைக் கவனிக்கட்டும் என்று சிலர் கூறியதைப் பொருட்படுத்தாது வந்து, நான்கு தங்கப் பதக்கங்களைப் பெற்றார். நூறு மீற்றர் ஓட்டத்தில் அவருக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தவர் நம் ஷேர்லி. 80 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்திலும் மூன்றாவது இடம் ஷேர்லிக்கே கிடைத்தது. நால்வர் ஓடும் அஞ்சலோட்டத்தில் அவுஸ்திரேலியா செக்கனின் பத்திலொரு பங்கால் ஒல்லாந்துக்குப் பின்னால் வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றது.

அத்தடைதாண்டி ஓட்டத்தின் முடிவைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பிளாங்கர்ஸ் கூனும் பிரித்தானிய வீராங்கனை மொரீன் கார்டினரும் ஒருசேர முடிவுக் கோட்டைக் கடந்தனர். இருவருக்கும் 11.2 செக்கன் என்றே கடிகாரங்கள் காட்டின. முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன்னர் பிரித்தானிய நாட்டுக் கீதம் இசைக்கப்பட்டது. தாம் தோற்றுவிட்டோம் என்றே பிளாங்கர்ஸ் கூன் எண்ணினார். ஆனால், அந்த இசை மன்னர் அரங்குக்கு வந்தமையை அறிவிக்கும் இசையாகும்! நிழற்படத்தைப் பரிசோதித்தபின் வெற்றி பிளாங்கர்ஸ் கூனுக்கே என்று அறிவிக்கப்பட்டது.

முடிவை அறியும் இந்த நிழற்படம் நாம் சாதாரணமாக எடுக்கும் படம் போன்றதன்று. முடிவுக் கோட்டுக்கு நேராக உயரத்தில் கமரா ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே மூடித் திறக்கும் கதவுக்குப் பதிலாக ஒரு மெல்லிய நீளப் பிளவு இருக்கும். அப்பிளவு கோட்டை மட்டுமே பார்க்கும். அதன் பின்னால் படச்சுருள் இடைவிடாது நகர்ந்து கொண்டிருக்கும். கோட்டைக் கடப்பவர் ஒவ்வொருவரும் கடந்த ஒழுங்கிலே சுருளிற் பதிவார்கள். ஆகவே அப்படத்தில் இடத்துக்குப் பதிலாகக் காலமே பதிவாகின்றது எனலாம். தலையோ, கையோ, காலோ முந்தினாற் போதாது; உடலின் நடுப்பகுதி கோட்டை அடையும் கணமே கணக்கு. மனிதக் கண் மயங்கும் இடத்தில் இக்கருவி மயங்குவதில்லை. ஆனால், கருவி இருந்தாற் போதுமா? அதனை எடுத்துப் பார்ப்பவரும் வேண்டும் அல்லவா?

அடுத்து நடந்த 200 மீற்றர் ஓட்டத்திலேதான் அந்தக் குறை நேர்ந்தது. முதலிடம் பிளாங்கர்ஸ் கூனுக்கு. இரண்டாமிடம் பிரித்தானியாவின் ஓட்ரி வில்லியம்சனுக்கு. மூன்றாமிடத்துக்கு அமெரிக்காவின் ஓட்ரி பற்றர்சனும் ஷேர்லியும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தனர். நடுவர்கள் பற்றர்சன் மூன்றாவது, ஷேர்லி நான்காவது என்று தீர்ப்பளித்தனர். இம்முறை நிழற்படம் பார்க்கப்படவில்லை. ஷேர்லி தீர்ப்பை ஏற்றுக்கொண்டு நாடு திரும்பினார்.

இவ்விடத்தில் இலங்கையருக்கு உவப்பான ஒரு செய்தியை நினைவூட்டுதல் பொருந்தும். அதே லண்டன் விழாவில், ஆண்களுக்கான 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில், நம் நாட்டின் டங்கன் வைட் 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் அரங்கில் இலங்கை பெற்ற முதலாவது பதக்கம் அது. இரண்டாண்டுகளின் பின், 1950 ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில், ஆண்களின் தடைதாண்டி ஓட்டத்தில் டங்கன் வைட்டும், பெண்களின் தடைதாண்டி ஓட்டத்தில் ஷேர்லியும் தங்கப் பதக்கம் பெற்றனர். அஞ்சலோட்டங்கள் இரண்டிலும் ஷேர்லிக்குத் தங்கம் கிடைத்தது. தடையில்லாத குறுந்தூர ஓட்டங்களில், மார்ஜரி ஜாக்சன் என்னும் தம் நாட்டு இளம் வீராங்கனைக்கு அடுத்ததாக வந்தார்.

அவ்வாண்டிலேயே புவிச்சரிதவியலாளரான லோரன்ஸ் டி லா ஹன்ட்டியை ஷேர்லி மணந்தார். மணமான பெண்கள் மைதானத்தை விட்டு விலகுவதே வழக்கமாயிருந்த காலம் அது. ஷேர்லி விலகவில்லை. 1952 ஆம் ஆண்டு பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில், தடைதாண்டி ஓட்டத்தின் முன்னோட்டத்தில் 11.0 செக்கனில் ஓடி, பிளாங்கர்ஸ் கூனின் உலகச் சாதனையைச் சமன் செய்தார். யூலை 24 ஆந் திகதி இறுதி ஓட்டம். நோயினால் நலிவுற்றிருந்த பிளாங்கர்ஸ் கூன் தடையில் மோதி ஓட்டத்தை நிறுத்திக்கொண்டார். ஷேர்லியோ எட்டுத் தடைகளையும் பிசகின்றிக் கடந்து 10.9 செக்கனில் முடித்தார். இத்தூரத்தைப் பதினொரு செக்கனுக்குக் குறைவாக ஓடிய முதற் பெண்மணி என்னும் பெருமை அவருக்குக் கிடைத்தது. நூறு மீற்றரில் மீண்டும் வெண்கலம் பெற்றார்.

அடுத்து அஞ்சலோட்டம். முன்னோட்டத்தில் உலகச் சாதனை நிகழ்த்திய அவுஸ்திரேலியக் குழு இறுதி ஓட்டத்தில் வெல்லும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஷேர்லி முதலாவதாக ஓடித் தம் பங்கைச் செவ்வனே முடித்தார். ஆனால், கடைசிக் கைமாற்றத்தின்போது அஞ்சற்கோல் மார்ஜரி ஜாக்சனின் கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. அவர் அதனை எடுத்துக்கொண்டு ஓடியும், குழு ஐந்தாவதாகவே வர முடிந்தது.

1953 ஆம் ஆண்டு ஷேர்லி தாயானார். குழந்தையைப் பேணியவாறே பயிற்சிக்குத் திரும்பினார். 1955 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் போலந்தின் வார்சோ நகரில் நூறு மீற்றரை 11.3 செக்கனில் ஓடி உலகச் சாதனையை ஏற்படுத்தினார். தாய்மை ஓட்டத்துக்குத் தடையன்று என்பதை அச்சாதனை காட்டிற்று. எனினும் மறுவருடம் மெல்போர்ன் ஒலிம்பிக் விழா வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்று. இதனிடையே ஜெர்மானிய வீராங்கனை ஒருவர் தடைதாண்டி ஓட்டத்தின் உலகச் சாதனையை 10.6 செக்கனாகக் குறைத்திருந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் பிளாங்கர்ஸ் கூனை எதிர்நோக்கிய அதே கேள்வி இப்போது ஷேர்லியை எதிர்நோக்கியது. ஒரு தாய், முப்பதைக் கடந்தபின், இளம் பெண்களோடு ஓடுவதா?

அதற்குரிய விடையை 1956 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆந் திகதி, தம் நாட்டு மக்கள் நிறைந்த மெல்போர்ன் அரங்கில் அவர் அளித்தார். 10.7 செக்கன், ஒலிம்பிக் சாதனை. இரண்டாவதாக வந்தவர் 10.9 செக்கன் எடுத்தார். மூன்று நாட்களின் பின் அஞ்சலோட்டம் நடைபெற்றது. ஷேர்லி, நோர்மா குரோக்கர், ஃபிளர் மெல்லர், பதினெட்டு வயதான பெற்றி கத்பேர்ட் ஆகிய நால்வரும் கோலைத் தவறவிடாது கைமாற்றி, 44.5 செக்கன் என்னும் உலகச் சாதனையோடு தங்கம் வென்றனர். ஹெல்சிங்கியில் விழுந்த கோல் மெல்போர்னில் எழுந்தது. ஹெல்சிங்கி, மெல்போர்ன் ஆகிய அவ்விரு விழாக்களிலும் இலங்கையின் சார்பில் உயரம் பாய்ந்தவர், யாழ்ப்பாணத்து இளைஞர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்பதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மூன்று தங்கம், ஒரு வெள்ளி, மூன்று வெண்கலம். ஆக ஏழு பதக்கங்கள். மெய்வல்லுநர் போட்டிகளில் அதுகாறும் எந்தப் பெண்ணும் அத்தனை ஒலிம்பிக் பதக்கங்களைப் பெற்றதில்லை.

ஓட்டத்தை விட்டபின்னும் ஷேர்லி ஓய்ந்திருக்கவில்லை. நான்கு பிள்ளைகளை வளர்த்தார், கற்பித்தார், இளம் வீராங்கனைகளுக்குப் பயிற்சியளித்தார், நகரசபை உறுப்பினராயிருந்தார், மரங்களையும் காடுகளையும் காக்கும் இயக்கங்களில் முன்னின்று உழைத்தார்.

இந்நிலையில் 1975 ஆம் ஆண்டு, லண்டன் 200 மீற்றர் ஓட்டத்தின் நிழற்படம் மீண்டும் வெளியே எடுத்து ஆராயப்பட்டது. மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தவர் பற்றர்சன் அல்லர், ஷேர்லியே என்பது அதிலிருந்து தெளிவாகப் புலப்பட்டது. அப்படம் 1948 இலும் இருந்ததே; பார்ப்பாரின்றிக் கிடந்தது, அவ்வளவே. எட்டாவது பதக்கம் இருபத்தேழு ஆண்டுகள் படச்சுருளுக்குள் இருந்தது என்று கூறலாம்.

அப்படியாயின் அப்பதக்கத்தை வாங்கி இவரிடம் கொடுத்திருக்க வேண்டாமா என நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். ஓட்ரி பற்றர்சன் கறுப்பின அமெரிக்கப் பெண். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதலாவது கறுப்பின அமெரிக்கப் பெண்மணி அவரே. அப்பதக்கம் இந்த வெண்கலமே. நிறத்தின் பெயரால் வாழ்விடமும் பாடசாலையும் பிரிக்கப்பட்டிருந்த நாட்டிலிருந்து வந்து அவர் பெற்ற பேறு அது. அவர் எவரையும் ஏமாற்றவில்லை. தம்மால் இயன்றவரை ஓடினார், நடுவர் கூறியதை ஏற்றார். பிழை அவருடையதன்று, ஷேர்லியினுடையதும் அன்று. பிழை செய்தவர்களோ பதக்கம் எதனையும் இழக்கவில்லை. ஒலிம்பிக் ஏடுகளில் அன்றைய தீர்ப்பு மாற்றப்படாமலே நின்றது. மெய்யை அறிதல் ஒன்று. அறிந்த மெய்யைக் கொண்டு பழைய கணக்கைத் தீர்த்தல் வேறொன்று. காலம் கடந்தபின் முன்னது கைகூடினும் பின்னது எளிதன்று. உரிய வேளையில் ஒரு படத்தை எடுத்துப் பார்த்திருந்தால் இந்த இக்கட்டே எழுந்திராது.

பிற்காலத்தில் இக்கருவி செக்கனின் நூறிலொரு பங்கையும் அளந்து காட்டலாயிற்று. 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவில் பெண்களுக்கான 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. மொரோக்கோ நாட்டின் நவால் எல் முத்தவக்கில் தங்கம் பெற்ற அவ்வோட்டத்தில், கேரளத்தைச் சேர்ந்த பி. ரி. உஷா 55.42 செக்கனில் நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41. நூறிலொரு செக்கன்! ஷேர்லி படம் பாராததால் பதக்கம் இழந்தார். உஷா படம் பார்த்ததால் இழந்தார். இரண்டும் துயரமே. ஆயினும் உஷாவின் துயரத்தில் அநீதி இல்லை. தோற்றவருக்கும் அந்த நிச்சயம் ஓர் ஆறுதலைத் தரும்.

ஷேர்லி ஓடிய 80 மீற்றர் ஓட்டம் இன்று இல்லை. 1972 ஆம் ஆண்டு மியூனிக் விழா முதல் அதன் இடத்தில் 100 மீற்றர் தடைதாண்டி ஓட்டம் நடைபெறுகின்றது. தடைகள் பத்தாயின; உயரம் 83.8 சதமமீற்றர் ஆயிற்று. எண்பது மீற்றரில் இருமுறை ஒலிம்பிக் வெற்றி பெற்றவர் ஷேர்லி ஒருவரே. அந்தப் பெருமையை இனி எவரும் பங்கிட முடியாது.

2000 ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் விழா தொடங்கிய இரவில், அவுஸ்திரேலியப் பெண் வீரர்கள் சிலர் சுடரைக் கைமாற்றி அரங்கினுள்ளே கொண்டு சென்றனர். ஒலிம்பிக் அரங்கிற் பெண்கள் முதன்முதற் பங்குகொண்ட 1900 ஆம் ஆண்டிலிருந்து நூறாண்டு நிறைந்ததன் நினைவாக அது நிகழ்ந்தது. சுடரை ஏந்தியவர்களில் எழுபத்தைந்து வயதான ஷேர்லியும் ஒருவர். அவருடைய தந்தை ஸ்டோவெலில் ஓடி வென்றதும் அதே 1900 ஆம் ஆண்டிலேதான்.

மறுவருடம் அவர் தம் ஒலிம்பிக் பதக்கங்களை ஏலத்தில் விற்றார். பலர் குறை கூறினர். பேரப்பிள்ளைகளின் கல்விக்கும், பழமையான காடுகளைக் காப்பதற்கும் பணம் வேண்டும் என்று அவர் காரணம் கூறினார். மூன்றரை இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் கொடுத்து அவற்றை வாங்கியவர்கள் தம் பெயரை வெளியிடாது, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு அவற்றை அன்பளிப்புச் செய்தனர். 1956 இல் ஒலிம்பிக் அரங்காக இருந்ததும் அந்த மைதானமே. அவ்வாறு, அவர் கடைசியாக வென்ற இடத்துக்கே பதக்கங்கள் திரும்பிச் சென்றன. 2004 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், தமது எழுபத்தெட்டாவது வயதில், பேர்த் நகரில் ஷேர்லி காலமானார். அரச மரியாதையுடன் அவருடைய இறுதிச் சடங்கு நடைபெற்றது.

நேயர்களே, அடுத்த முறை உங்கள் ஊர்ப் பாடசாலை மைதானத்தில் முடிவுக் கோட்டருகே நிற்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமாயின், முதலாவதாக வரும் பிள்ளையை எல்லாரும் பார்த்துக்கொள்வர். மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வரும் பிள்ளைகளை நீங்கள் கவனித்துப் பாருங்கள்.